சீனி இல்லாத புடிங்

புங்குடுதீவு
2.2.1986

அன்புள்ள பூசணி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். உங்களைச் சந்தோசப்படுத்த ஒன்றைக் கூட்டவும் மாட்டேன், பயப்படுத்தக் கூடாதென்று ஒன்றைக் குறைக்கவும் மாட்டேன். நான் வெட்கப்பட வேண்டிய விசயமென்றாலும் எழுதுவேன். நீங்கள் வின்சன்ற் அத்தானைக் கலியாணம் செய்துகொண்டு போன நாளிலிருந்து இந்த வீட்டில் உங்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு இங்கத்தைய உண்மையைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

ஐயாவுக்கு இரத்தத்தில் சீனி ஏறி, சலரோகம் கூடிவிட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் ஆசுப்பத்திரிக்கு நடந்துபோய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறார். சோறு குறைக்கச் சொன்னார்கள். அவர் சோற்றை மட்டுமல்ல, எல்லாவற்றையுமே குறைத்துவிட்டார். அம்மா குரக்கன் பிட்டு அவித்தால் ஒரு பிடி தின்றுவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறார். நெஞ்செலும்பு தெரிகிறது. "இப்பிடிப் பட்டினி கிடந்தால் ஊசியே ஆளைக் கொண்டு போடும்" என்று ஆசுப்பத்திரி அப்போதிக்கரி ஏசினார்.

போன கிழமை காய்ச்சலில் படுத்திருந்தபோது, "பலாங்கொடையிலை அந்தப் புடிங் இறக்கிற நேரம் கடை முழுக்க மணக்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அங்கே எங்கள் பேக்கரி கலவரத்தில் எரிந்த பிறகு அவர் பலாங்கொடை என்று வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

அக்கா, அந்தப் பழப் புடிங்கைச் சீனி இல்லாமல் செய்ய முடியுமா? என் மனையியல் புத்தகத்தில் அப்பிளை வேகவைக்கிற ஒரு முறை இருக்கிறது. அப்பிளுக்கு நான் எங்கே போவேன்? நீங்கள்தானே சின்ன வயதில் அந்தப் பாண் சுடுகிற போறணைக்கு முன்னால் நின்றவர்.

பதிலைப் பக்கத்து வீட்டு அன்னப்பிள்ளை மாமியின் விலாசத்துக்கு அனுப்புங்கள். அவவுக்கு வாசிக்கத் தெரியாது. அது எங்களுக்கு நல்லது.

அன்புத் தங்கை
மீனலோசனி


கொட்டாஞ்சேனை
11.2.86

மீனா,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "உன்ரை தங்கச்சி நீதவானாய் வருவாள்" என்றார்.

நான் வெளிக்கிட்ட அன்று ஐயா முற்றத்தில் நின்று சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். "அவளின்ரை கை பட்ட ஒண்டும் செத்தாலும் என்ரை வாய்க்குள்ளை போகாது." என்னிடம் கேட்டுச் செய்தது என்று தெரிந்தால் நாய்க்குப் போட்டுவிடுவார். ஆகவே சொல்லாதே. நீதவானாக இருந்தாலும் இதை மட்டும் சொல்லாதே.

கடையில் கடைசிப் பாண் இறக்கிய பிறகு போறணையில் மிஞ்சிக் கிடக்கிற சூட்டில்தான் அந்தப் புடிங்கை வைப்போம். பழைய பாண், பட்டர், வாழைப்பழம், அன்னாசி, அள்ளிக் கொட்டச் சீனி. அதில் ஒன்றும் இப்போது ஆகாது. இப்படிச் செய்:

முதல்நாள் பாணில் கரையை மட்டும் வெட்டி எடு. அதே அளவு குரக்கன் மாவை வறுத்துச் சேர். பப்பாப்பழம் செங்காயாக இருக்கவேண்டும், கனிந்தது வேண்டாம். ஆடை நீக்கின பசுப்பால், ஒரு முட்டை, கறுவாத்தூள். ஒரு தேசிக்காயின் சாறு வேண்டாம், பச்சைத் தோல் முழுவதையும் துருவிப் போடு. கைத்துவிடும் என்று பயப்படாதே, இனிப்பு இல்லாத இடத்தில் மணம்தான் வேலை செய்யவேண்டும். அந்த நாளில் நான் பிஸ்கற் தகரத்தின் மேல் ஏறி நின்று தோல் துருவுவேன். கூடப் போடுகிறேன் என்று ஐயா எந்த நாளும் ஏசுவார். ஒருநாளும் குறைத்ததில்லை.

போறணைக்குப் பதிலாகப் பெரிய சட்டியில் மணல் போட்டுச் சூடாக்கி அதற்குள் தட்டத்தை வை. மேலே தகரம் மூடி, தகரத்தின் மேல் சிரட்டைத் தணல் போடு. கீழே நெருப்புக் குறைவு, மேலே கூட.

சாப்பிட்டாரா என்று எழுது. வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

பூசணி


புங்குடுதீவு
25.2.1986

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் முறை பிழைத்துவிட்டது. கீழே நெருப்பைக் கூட்டிவிட்டேன். அடி கருகி, மேல் கூழாக இருந்தது. கடற்கரை மணலைக் கழுவாமல் போட்டதால் சட்டிக்குள் சிப்பி வெடித்து, அம்மா துவக்குச் சூடு விழுகிறதென்று நினைத்துக் கிணற்றடியில் குந்திவிட்டா. அன்று முழுக்க எனக்கு ஏச்சு.

இரண்டாம் முறை வந்தது. அக்கா, தகரத்தைத் தூக்கியபோது வந்த மணத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. மேல்பக்கம் பொன்னிறமாக இருந்தது. கரண்டி குத்தினால் உள்ளே மெத்தென்றிருந்தது. ஐயாவுக்கு ஒரு பீங்கானில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய் தின்றார். கரண்டியை வைத்துவிட்டார்.

"ஆர் சொல்லித் தந்தது?"

"மனையியல் ரீச்சர்." இது பொய். சொன்னது நான். எழுதிவிட்டேன்.

"உங்கடை ரீச்சருக்கு நாக்கிலை ருசி இல்லைப் போலை" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிச்சத்தைத் தொடவில்லை.

நான் குசினியில் இருந்து அழுதேன். வேலியால் எட்டிப்பார்த்த அன்னப்பிள்ளை மாமி உள்ளே வந்து ஒரு துண்டு தின்று பார்த்தா.

"இதென்னடி பிள்ளை, வருத்தக்காரனுக்குக் கட்டுற பத்துப் போலை கிடக்கு. கொஞ்சம் பனங்கட்டி சீவிப் போடன்."

"ஐயாவுக்கு இனிப்புக் கூடாது மாமி."

"சீனிதான் கூடாது. அது கப்பலிலை வாறது, மருந்து போட்டு வெளுக்கிறது. பனங்கட்டி எங்கடை பனையிலை இறக்கினது. அது மனிசரை என்ன செய்யும்? என்ரை மனிசன் சலரோகத்தோடை எத்தினை வருசம் பனங்கட்டி கடிச்சுத் தேத்தண்ணி குடிச்சவர்."

"அவர் பிறகு என்ன மாதிரி மாமி?"

"செத்தவர்தான். ஆனால் அது காய்ச்சலிலை."

அம்மாவும் பனங்கட்டி உடம்புக்கு நல்லதென்றுதான் சொன்னா. என் புத்தகத்தில் பார்த்தேன். "சீனியைத் தவிர்க்க" என்று மட்டும் இருக்கிறது, பனங்கட்டி என்று இல்லை. ஆகவே மூன்றாம் முறை இரண்டு ஓலைக் குட்டான் பனங்கட்டி சீவிப் போட்டேன். பழமும் நன்றாகக் கனிந்ததாக எடுத்தேன்.

ஐயா முழுவதும் சாப்பிட்டார். பீங்கானை வழித்துச் சாப்பிட்டார். "நாளைக்கும் செய்வியோ?" என்று கேட்டார்.

அக்கா, நீங்கள் கேட்டது இதுதானே. சாப்பிட்டார்.

மீனலோசனி


கொட்டாஞ்சேனை
6.3.86

மீனா,

இந்தக் கடிதம் கிடைத்த உடனே நிறுத்து. பனங்கட்டியும் சீனிதான். எங்கள் பனையில் இறக்கினாலும் இரத்தத்துக்குள் போனால் ஒன்றுதான். அத்தானுடன் வேலை செய்பவரின் மனைவி பெரிய ஆசுப்பத்திரியில் தாதியாக இருக்கிறா, ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். கனிந்த பழமும் வேண்டாம்.

உன்னில் பிழையில்லை. பனங்கட்டி போடாதே என்று நான் எழுதியிருக்கவேண்டும். சீனி என்று சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டேன். நானும் அந்தத் தீவில் பிறந்தவள்தானே, எனக்கு நினைவு வந்திருக்கவேண்டும்.

அப்போதிக்கரியிடம் இன்றைக்கே சொல்லு. அவருடைய கால்களைப் பார். ஒரு கீறலும் இருக்கக்கூடாது.

கிடைத்தது என்று ஒரு வரி போடு.

பூசணி


புங்குடுதீவு
20.3.1986

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. கோபமா? யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் பஸ் ஒழுங்காக வருவதில்லை, தபால் பையும் வருவதில்லை. அதனால் இருக்கலாம் என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன். இதை எங்கள் ஊர்த் தம்பிஐயா அண்ணையிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் வள்ளத்தில் அக்கரைக்குப் போய், கொழும்பில் இறங்கி, அப்படியே வெளிநாடு போகிறார்.

ஐயா தெளிவாக இருக்கிறார். முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. பின்னேரம் புடிங் செய்யும்போது கதிரையைக் குசினி வாசலில் போட்டு இருந்துகொண்டு, "தணலைத் தள்ளு, மூலை வேகாது" என்று அதிகாரம் பண்ணுகிறார். நேற்று நான் தேசிக்காய்த் தோல் துருவும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் போடு" என்றார். பிறகு வெளியே எழும்பிப் போய்விட்டார்.

இப்போது நல்லதல்லாதவற்றை எழுதுகிறேன். ஊசி மருந்து வந்து சேரவில்லை. இருந்ததைப் பிரித்துப் பிரித்துப் போட்டார்கள், இப்போது ஒன்றும் இல்லை. சலத்தில் சீனி போகிறதோ என்று சூடாக்கிப் பார்க்கிற நீலத் திரவமும் முடிந்துவிட்டது. நீலமாகவே நின்றால் நல்லது, செங்கல் நிறத்துக்குப் போனால் கூடாது என்று முன்பு நான்தான் பார்த்துச் சொல்லுவேன். இப்போது பார்க்க வழியில்லை. "ஆள் தெளிவாய்த்தானே இருக்கிறார்" என்று அப்போதிக்கரி சொன்னார்.

வலது கால் பெருவிரலில் ஒரு புண். பனை மட்டைக் கருக்குக் கீறியது. நோவில்லை என்கிறார். நோவில்லாதபடியால் நாங்களும் பெரிதாக எடுக்கவில்லை.

இரவில் நிறையத் தண்ணீர் குடிக்கிறார்.

மீனலோசனி


கொட்டாஞ்சேனை
29.3.86

மீனா,

தம்பிஐயா அண்ணை வந்து தந்துவிட்டுப் போனார். வாசித்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன். பனங்கட்டியை நிறுத்து என்று ஆறாம் தேதி எழுதிய கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை.

பனங்கட்டி வேண்டாம். பனங்கட்டி வேண்டாம். அதுவும் சீனிதான். நோவில்லாத புண்தான் கூடாத புண். அவரை யாழ்ப்பாணம் கொண்டுபோகவேண்டும். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லு, என் பெயரையும் சொல்லு. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

நான் வெளிக்கிடுகிறேன். அவர் என்னைப் படலைக்குள் விடாவிட்டால் படலைக்கு வெளியே நிற்பேன். அத்தான் லீவு கேட்டிருக்கிறார், கிடைக்காவிட்டால் தனியே வருவேன்.

பூசணி


புங்குடுதீவு
11.4.1986

அக்கா,

உங்கள் இரண்டு கடிதங்களும் நேற்று ஒரே கட்டாக வந்தன. அன்னப்பிள்ளை மாமி சிரித்துக்கொண்டு வேலியால் நீட்டினா. "உனக்குத்தானடி, ரெண்டு வந்திருக்கு."

நான் வாசித்தபோது அடுப்பில் சட்டி இருந்தது. தணலை நானே தண்ணீர் ஊற்றி நூர்த்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஐயாவின் விரல் கறுத்து, கறுப்பு பாதத்துக்கு ஏறிவிட்டது. மணக்கிறது. பள்ளிக்கூடத்து இரசாயன ரீச்சரிடம் நீலத் திரவம் கொஞ்சம் வாங்கிவந்து பார்த்தேன். சூடு ஏறியதும் செங்கல் நிறம். திரும்பப் பார்த்தேன், திரும்பவும் அதுதான்.

அம்மாவிடம் சொன்னேன், உங்கள் பெயரோடு. அவ கையை ஓங்கினா. "வீட்டை விட்டுப் போயும் அவளோ எங்களைச் சாக்காட்டுறாள்?" என்று கத்தினா. நான், "அக்கா பனங்கட்டி போடச் சொல்லவில்லை, போட்டது நான்" என்றேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு குசினிக் கட்டில் இருந்து, "தேத்தண்ணிக்குக் கடிக்க நானும்தானே குடுத்தனான்" என்று மெல்லச் சொன்னா. அதற்குப் பிறகு அவ என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

அப்போதிக்கரியிடம், என் புடிங்கால் எவ்வளவு, ஊசி இல்லாததால் எவ்வளவு என்று கேட்டேன். "அதை அளந்து என்ன செய்யப் போறீர் பிள்ளை?" என்றார். எனக்குத் தெரியவேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

காலை எடுத்தால் தப்பலாம், யாழ்ப்பாணத்தில்தான் எடுக்கலாம் என்கிறார். பாலம் பூட்டிக் கிடக்கிறது. மண்டைதீவுப் பக்கம் சூடு. வள்ளக்காரர் கட்டிலோடு ஆளை ஏற்ற மறுக்கிறார்கள்.

இன்றைக்குக் காலை ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"கடதாசி வந்ததாமே?"

"ஓம் ஐயா."

"கொக்காவின்ரையோ?"

நான் போர்வையை இழுத்து அவருடைய காலை மூடினேன்.

"முதல் நாளே தெரியும் மோனை. தேசிக்காய்த் தோலை அப்பிடி அள்ளிப் போடுறவள் உலகத்திலை ஒருத்திதான்."

"பிடிக்காமல்தானே ஐயா கரண்டியை வைச்சனீங்கள்? இனிப்பில்லை எண்டுதானே?"

"ஆர் சொன்னது இனிப்பில்லை எண்டு? தொண்டை அடைச்சுப் போச்சு. விழுங்க ஏலாமல் போச்சு. அதுதான் வைச்சனான்."

அக்கா, இதை நான் எழுதாமல் விடலாமா என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். எழுதுவேன் என்று சொன்னபடியால் எழுதுகிறேன். அவருக்குப் பனங்கட்டி தேவைப்படவில்லை. வெறும் புடிங்கையே சாப்பிட்டிருப்பார். நான் பிழையாக விளங்கிக்கொண்டேன்.

"அவளை வரச் சொல்லு" என்றார். "படலை திறந்துதான் கிடக்குமெண்டு எழுது."

இதை ஊர்காவற்றுறைப் பக்கத்தால் போகிற ஒருவரிடம் கொடுக்கிறேன். கெதியாக வாருங்கள்.

மீனலோசனி


குருநகர், யாழ்ப்பாணம்
19.4.86

மீனா,

நான் இங்கே, அத்தானின் மாமி மாக்கிறேற் வீட்டில் நிற்கிறேன். உன் கடிதத்தைக் கொழும்பிலிருந்து அத்தான் ஒருவரிடம் கொடுத்துவிட்டார், நேற்றுத்தான் கைக்கு வந்தது. படலை திறந்து கிடக்கும் என்ற வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று கேட்காதே.

மூன்று தரம் பண்ணைக்குப் போனேன். கோட்டைக்குள்ளிருந்து ஆமிக்காரர் சுடுகிறார்கள், ஒருவரையும் விடவில்லை. மறித்து நின்ற இயக்கப் பெடியன் ஒருவனிடம், "தம்பி, என்ரை ஐயா சாகக் கிடக்கிறார்" என்றேன். "அக்கா, நீங்கள் செத்தால் கொப்பருக்குச் சுகம் வருமோ?" என்றான். தங்கமான பெடியன், அவனைக் குறை சொல்லவில்லை. அங்கே நின்றால் கடலுக்கு அப்பால் தீவுப் பக்கத்துப் பனைகள் தெரிகின்றன, மீனா. பனைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இராயப்பு அண்ணை வள்ளம் விடுகிறார். கடிதம் கொண்டுபோவாராம், பெண்பிள்ளையை ஏற்றமாட்டாராம். காலில் விழுந்தும் பார்த்தேன். "நேவி கண்டால் கடிதத்தைக் கடலிலை போடுவன். உன்னை என்ன செய்யிறது?" என்றார்.

நீ உன்னை அளந்துகொண்டிருக்காதே. ஊசி வந்திருந்தால் பனங்கட்டி அவரைக் கொன்றிராது. பாலம் திறந்திருந்தால் கால் போயும் ஆள் இருப்பார். உன் பங்கை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு பார்க்காதே.

ஐயாவிடம் சொல்லு. நான் இக்கரைவரை வந்துவிட்டேன் என்று அவர் காதில் சொல்லு.

பூசணி


புங்குடுதீவு
30.4.1986

அன்புள்ள அக்காவுக்கு,

இராயப்பு அண்ணை உங்கள் கடிதத்தைத் தந்தது இருபத்தோராம் தேதி மத்தியானம். ஐயாவுக்கு அப்போது அறிவு வந்துவந்து போனது. காதுக்குள் சொன்னேன். "அக்கா பண்ணையிலை நிக்கிறா." கண் திறந்தார். "சாப்பிட்டாளோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது. மறுநாள் விடிய முன்னம் போய்விட்டார். நீங்கள் இதற்குள் ஆட்கள் மூலம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனாலும் என் கையால் எழுதவேண்டும் என்று எழுதுகிறேன். அன்றைக்கே எடுத்துவிட்டோம். பெரியப்பாவின் மகன் கொள்ளி வைத்தார்.

நேற்று எட்டாம் நாள், எட்டுச் செலவு. செத்த ஆளுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். டொக்டர்மார் வேண்டாம் என்றதெல்லாம் அன்றைக்குத்தான் குசினிக்குள் வந்தது. வெள்ளை அரிசிச் சோறு, மீன்குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், அரியதரம், சீனி போட்ட தேத்தண்ணி. அம்மா சீனிப் போத்தலை என் பக்கம் தள்ளினா.

"புடிங்கும் செய். உள்ள சீனி முழுக்கப் போடு. இனி அந்த மனிசனை என்ன வருத்தம் பிடிக்கப் போகுது?"

அன்னப்பிள்ளை மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. அவ தலை நிமிரவில்லை. பனங்கட்டி விசயம் தெரிந்த நாளிலிருந்து அவ எங்கள் வீட்டில் எல்லா வேலையும் செய்கிறா, பேச்சு மட்டும் இல்லை.

"போடமாட்டன் அம்மா" என்றேன்.

"செத்தவருக்குமோ பத்தியம்?"

"பத்தியம் இல்லை. அவர் சாப்பிட்டது அக்காவின்ரை புடிங். அது இப்பிடித்தான்."

அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு போத்தலை எடுத்து அலுமாரிக்குள் வைத்தா. வேலியோரத்துத் தேசியில் ஒரு காய் பிடுங்கிவந்து, கழுவி, என் கையில் தந்தா.

நீங்கள் முதல் கடிதத்தில் எழுதியபடியே செய்தேன். பாண் கரை கிடைக்கவில்லை. பஸ் இல்லாதபடியால் கோதுமை மா இல்லை, பாணும் இல்லை. குரக்கன் மாவை மட்டும் போட்டேன், அது ஒன்றுதான் மாற்றம். பப்பாப்பழம் செங்காயாக எடுத்தேன். தோல் முழுவதையும் துருவினேன். கீழே நெருப்புக் குறைவு, மேலே கூட. ஒரு துண்டு நான் தின்று பார்த்தேன். பனங்கட்டி போட்டதைவிட இது ருசி. இதையும் எழுதவேண்டும்.

அறைக்குள் வெள்ளை வேட்டி கட்டி மறைத்து, தலைவாழை இலையில் எல்லாவற்றையும் வைத்தோம். அவரவர் கொண்டுவந்ததை அவரவர் பெயரைச் சொல்லி வைத்தார்கள். "இது சின்னக்காவின்ரை, இது வைத்திலிங்கம் அண்ணை வீட்டாற்றை" என்று சொல்லிச் சொல்லி வைத்தார்கள். என் முறை வந்தது. பீங்கானை வைத்து, பக்கத்தில் அந்தக் கரண்டியையும் வைத்தேன்.

"இது பூசணி அக்காவின்ரை" என்றேன்.

அறை நிறைய ஆட்கள் நின்றார்கள்.  பெரியப்பா தொண்டையைச் செருமினார். அப்போது அம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஓம். மூத்தவளின்ரை" என்றா.

அவர் வந்து சாப்பிட வேண்டும் என்று நாங்கள் வெளியே வந்தோம். அம்மா கதவைச் சாத்தினா. படலையைப் பூட்டவேண்டாம் என்று நான் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு லைற்றை நூர்த்தார்கள்.